மொத்த மெயில் மென்பொருளை வெளித் தரவுத்தளத்தோடு இணைத்தால் வேலை முடிந்ததா?

3 பிப்ரவரி 2025, காலை – வந்த கேள்வி

"புத்தகம் விற்கிறோம். வாங்கியவர்களின் பெயர், மெயில், ஊர் எல்லாம் ஆர்டர் மென்பொருளின் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது. அது வாடகை சர்வரில் ஓடுகிறது. புது வெளியீடுகளைப் பற்றி மெயில் அனுப்ப விண்டோஸ் கணினியில் ஒரு மொத்த மெயில் மென்பொருள் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் எக்செலில் இறக்கி, திரும்ப ஏற்றி அலுத்துவிட்டது. 'வெளித் தரவுத்தளத்தோடு இணை' என்று அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. நேராக இணைத்துவிட்டால் வேலை முடிந்ததா? சுமார் பதினான்காயிரம் முகவரி."

3 பிப்ரவரி, மதியம்

இணைக்கலாம். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஓடிபிசி. ஒரு மென்பொருள் வேறொன்றின் தரவுத்தளத்தைப் படிக்க 1992ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த பழைய ஏற்பாடு, இன்றைக்கும் ஓடுகிறது. மைஎஸ்க்யூஎல்லுக்கான ஓடிபிசி டிரைவரை (இரண்டுக்கும் நடுவே பேசித்தரும் சின்ன நிரல்) இறக்கி நிறுவுங்கள், டேட்டா சோர்ஸ் (எந்த சர்வர், எந்தப் பயனர் என்ற இணைப்பு விவரம்) ஒன்று உருவாக்குங்கள், மென்பொருளில் அதைக் காட்டுங்கள். அரை நாள் வேலை.

வேலை முடிந்ததா என்றால், இல்லை. முகவரி உங்கள் தரவுத்தளத்திலிருந்து மென்பொருளுக்குப் போக வழி போடுகிறீர்கள். ஒரு வாசகர் "இனி அனுப்ப வேண்டாம்" என்று சொன்னால் அந்தச் செய்தி தரவுத்தளத்துக்குத் திரும்பி வர என்ன வழி? அது இல்லாமல் இணைத்தால், வேண்டாம் என்றவர் அடுத்த குவரியில் (தரவுத்தளத்தைக் கேட்டுப் பட்டியல் எடுக்கும்போது) மறுபடி பட்டியலில் வந்து நிற்பார். ஏற்றுமதி இறக்குமதி அலுப்பைவிடப் பெரிய தலைவலி அதுதான். இதை முதலில் யோசித்துவிட்டு டிரைவரைத் தொடுங்கள்.

3 பிப்ரவரி, இரவு

கேட்டவர் உடனே முயன்று பார்த்திருக்கிறார். டேட்டா சோர்ஸில் 'டெஸ்ட்' அழுத்தினால் வெற்றி என்கிறது, மென்பொருளுக்குள் போனால் "டிரைவருக்கும் செயலிக்கும் ஆர்க்கிடெக்சர் பொருந்தவில்லை" என்று பிழை வருகிறதாம்.

32 பிட், 64 பிட் தகராறு. மெயில் மென்பொருள் 32 பிட் என்றால் டிரைவரும் 32 பிட்டாக இருக்க வேண்டும், டேட்டா சோர்ஸையும் 32 பிட் ஓடிபிசி கருவியில்தான் உருவாக்க வேண்டும். விண்டோஸ் 64 பிட் என்பதால் எல்லாம் 64 என்று கணக்குப் போடாதீர்கள். இதில் ஆளைக் குழப்பும் சங்கதி, 'சிஸ்டம்32' என்ற ஃபோல்டரில் இருக்கும் ஓடிபிசி கருவிதான் 64 பிட். 32 பிட் கருவி 'சிஸ்வாவ்64' என்ற ஃபோல்டரில் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் போனால் தப்பான கதவைத்தான் திறப்பீர்கள். இரண்டு கருவிகளின் கோப்புப் பெயரிலும் '32' வேறு இருக்கும்.

இன்னொன்று. 'யூசர்' டேட்டா சோர்ஸ் போடாமல் 'சிஸ்டம்' டேட்டா சோர்ஸ் போடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஓடும் வேலை வேறு பயனர் கணக்கில் ஓடும். உங்கள் கணக்கில் போட்ட யூசர் டேட்டா சோர்ஸ் அதன் கண்ணில் படாது. பகலில் நீங்கள் அழுத்தினால் ஓடும், இரவில் ஓடாது. காரணம் தேடியே ஒரு வாரம் போய்விடும்.

4 பிப்ரவரி

இன்னொருவர் வழி சொல்கிறார்: வாடகை சர்வரை நிர்வகிக்கும் சிபேனலில் 'ரிமோட் மைஎஸ்க்யூஎல்' பகுதிக்குப் போய் சதவீதக் குறி போட்டுவிட்டால் எங்கிருந்தும் இணையலாம் என்று.

தயவுசெய்து போடாதீர்கள். சதவீதக் குறி என்றால் உலகில் எந்தக் கணினியிலிருந்தும் என்று பொருள். மைஎஸ்க்யூஎல்லின் வாசலான 3306 போர்ட் திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டே திரியும் நிரல்கள் இணையம் முழுக்க இருக்கின்றன. வீட்டு பிராட்பேண்டில் ஐபி அடிக்கடி மாறுகிறது என்பதால்தான் எல்லோரும் இதைச் செய்கிறார்கள், அந்தச் சங்கடம் புரிகிறது. எஸ்எஸ்ஹெச் (சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) கிடைத்தால் அதன் வழியே டனல் போடுங்கள்: உங்கள் கணினியின் 3307 போர்ட்டை சர்வருக்குள் இருக்கும் 3306க்கு இழுத்துவிட்டு, டேட்டா சோர்ஸில் 127.0.0.1 (அதாவது உங்கள் கணினியே), 3307 என்று கொடுத்தால் போதும். வெளியே எதையும் திறக்க வேண்டியதில்லை. மலிவான வாடகை சர்வர்கள் பலவற்றில் எஸ்எஸ்ஹெச் இருக்காது. அப்போது நேர் இணைப்பு என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, சர்வரிலேயே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடி மென்பொருளுக்கு வேண்டியதைத் தருவதுதான் சரி.

பதினான்காயிரம் பேர் உங்களை நம்பி முகவரி கொடுத்திருக்கிறார்கள். கடையின் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு முன்கதவுக்கு மட்டும் பூட்டுப் போடக் கூடாது.

5 பிப்ரவரி

எந்தப் பயனர் பெயரில் இணைக்கிறீர்கள்? எல்லா உரிமையும் உள்ள 'ரூட்' என்று பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

மெயில் மென்பொருளுக்கென்று தனிப் பயனர் ஒன்று. அதற்கு மூல டேபிள் எதையும் காட்டாதீர்கள். ஒரு வியூ (வேண்டிய புலங்களை மட்டும் காட்டும் சேமித்த குவரி) எழுதி, அதைப் படிக்க மட்டும் அனுமதி. வியூவில் என்ன இருக்க வேண்டும்? வாடிக்கையாளர் எண், மெயில், கூப்பிடும் பெயர், மொழி, ஊர். அவ்வளவுதான். தொலைபேசி எண், வீட்டு முகவரி, கடைசியாக எவ்வளவு ரூபாய்க்கு வாங்கினார் என்பதெல்லாம் மெயில் மென்பொருளுக்கு எதற்கு? மைஎஸ்க்யூஎல்லில் வியூ இயல்பாக அதை உருவாக்கியவரின் உரிமையில் ஓடும். அதனால் படிக்கும் பயனருக்கு மூல டேபிளில் ஒரு துளி உரிமையும் தேவைப்படாது.

இதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. சர்வர் மாற்றும்போது அந்த உருவாக்கிய பயனர் புது சர்வரில் இல்லை என்றால் வியூ படுத்துவிடும். பிழை எண் 1449. "டிஃபைனர் இல்லை" என்று சொல்லும். அந்தப் பயனரைத் திரும்ப உருவாக்குங்கள், அல்லது வியூவைப் புதிதாக எழுதுங்கள். வேறு எதையும் நோண்ட வேண்டாம்.

வடிகட்டல் எல்லாம் வியூவுக்குள்ளேயே நடக்கட்டும்: சம்மதம் தந்தவர்கள் மட்டும், முகவரி காலியாக இல்லாதவர்கள் மட்டும், வேண்டாம் என்றவர் பட்டியலில் இல்லாதவர்கள் மட்டும். மெயில் மென்பொருளின் ஃபில்டரில் இதை வைத்தால், ஒருநாள் யாராவது புதிதாக ஒரு கேம்பெயின் (ஒரு மொத்த அனுப்பல்) உருவாக்கும்போது அந்த ஃபில்டர் விட்டுப்போகும். வியூவில் இருந்தால் விட்டுப்போக வழியே இல்லை.

பெயர் காலியாக இருந்தால் 'வாசகர்' என்று வியூவே நிரப்பித் தரட்டும். "வணக்கம்" என்று எழுதி, பக்கத்தில் வெற்றிடமும் ஒரு கமாவுமாகப் போகும் மெயிலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

6 பிப்ரவரி

ஊர், பெயர் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறதாம். எதிர்பார்த்ததுதான்.

வரிசையாகக் கேள்விக்குறி மட்டும் வந்தால், வழியில் எங்கோ தமிழே தெரியாத ஒரு குறியாக்கத்துக்கு எழுத்தை மாற்ற முயன்று தோற்றிருக்கிறது என்று பொருள். மைஎஸ்க்யூஎல் ஓடிபிசி நிறுவும்போது இரண்டு டிரைவர் சேர்ந்து வரும், ஒன்று எல்லா மொழியும் தெரிந்த 'யூனிகோட்', இன்னொன்று பழைய குறியாக்கமான 'ஆன்சி'. பெயர்வரிசையில் ஆன்சி முதலில் நிற்பதால் பலர் அதைத் தேர்ந்துவிடுகிறார்கள். யூனிகோடுக்கு மாறுங்கள்.

கேள்விக்குறிக்குப் பதிலாக, மேலே சாய்கோடு போட்ட லத்தீன் ஏ-யும், வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் மாறி மாறி வந்தால் அது வேறு நோய். யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அதில் முதல் பைட் எப்போதும் அந்த ஏ, இரண்டாவது பெரும்பாலும் அந்த வட்ட ஆர். அதாவது தரவு பத்திரமாக இருக்கிறது, படிப்பவர்தான் அதை லத்தீன் என்று நினைத்துப் படிக்கிறார். இணைப்பின் கேரக்டர் செட்டை யூடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள், தமிழ் வந்துவிடும். தப்பித் தவறி இந்தக் குப்பையைத் திரும்பத் தரவுத்தளத்திலேயே சேமித்துவிட்டால்தான் கஷ்டம். இரண்டு அடுக்கு கழற்ற வேண்டும்.

ஏன் எம்பி4? மைஎஸ்க்யூஎல்லில் வெறும் 'யூடிஎஃப்8' என்ற பெயர் நெடுங்காலமாக மூன்று பைட் வரைதான் தாங்கியது. தமிழுக்கு அது போதும். ஆனால் இப்போதெல்லாம் பெயரோடு ஒரு பூ எமோஜியும் சேர்த்துப் பதிவு செய்கிறார்கள், அதற்கு நான்கு பைட் வேண்டும்.

6 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

பழைய வாடிக்கையாளர்கள் சிலரின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது, யூனிகோட் டிரைவர் போட்டும் மாறவில்லை என்கிறார். நடுநடுவே அரைப்புள்ளி என்றால் அது பாமினி என்ற பழைய எழுத்துரு. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், மெயிலில் போனால் வாசகருக்குக் குழறலாகத்தான் தெரியும். டிரைவரால் இதைச் சரிசெய்ய முடியாது. அந்த வரிகளை மட்டும் தனியாக எடுத்து யூனிகோடுக்கு மாற்றி மூலத்திலேயே எழுதுங்கள். மொத்த டேபிளையும் மாற்றியில் போடாதீர்கள். ஆங்கிலத்திலேயே பெயர் கொடுத்தவர்களும் இருப்பார்கள், அவர்கள் பெயர் தமிழ் எழுத்துக் கலவையாகிவிடும்.

யூனிகோடிலும் 'பொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒற்றைக் குறியாக ஒகரக் கொம்பு போடலாம். எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்த்தால் வேறு வேறாக வரலாம். பெயரை வைத்து இரட்டைப் பதிவு தேடுபவர்கள் முதலில் எல்லாவற்றையும் என்எஃப்சி (முடிந்தவரை ஒற்றைக் குறியாகச் சேர்த்த) வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேடுங்கள்.

9 பிப்ரவரி

"இவ்வளவு பாடு எதற்கு, வாரம் ஒருமுறை பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கி ஏற்றிவிட்டால் போதாதா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

பட்டியல் சின்னதாக இருந்து, ஒரே ஆள் பார்த்துக்கொள்கிறார் என்றால் போதும். மனமாரச் சொல்கிறேன். நேர் இணைப்பு எந்த விதத்திலும் சிஎஸ்வியைவிட உயர்ந்த சாதி இல்லை. எங்கே இடிக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மாத இதழின் சந்தாப் பிரிவுக்குக் கணினி வேலை பார்த்துத் தந்தேன். நான் போவதற்கு முன்பிருந்தே அங்கே ஓர் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சந்தா தரவுத்தளத்திலிருந்து மாதக் கடைசியில் சிஎஸ்வி, அதை மெயில் சேவையில் ஏற்றி "உங்கள் சந்தா முடிகிறது" என்று நினைவூட்டல். வேண்டாம் என்று அழுத்துபவர்களை மெயில் சேவை தன் பக்கத்தில் குறித்து வைத்தது. பிறகு நிர்வாகம் வேறு சேவைக்கு மாறியது. பழைய சேவையில் இருந்த 'வேண்டாம்' பட்டியலை யாரும் எடுத்து வரவில்லை. அது சந்தா தரவுத்தளத்தில் இருந்ததே இல்லை.

அலுவலகத்தில் இருக்கும்போது ஒரு தொலைபேசி வந்தது. சந்தாப் பிரிவு அம்மா எடுத்துப் பேசிவிட்டு ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். மறுமுனையில் ஒரு பெண். கணவர் போன வருஷமே தவறிவிட்டார். அப்போது மெயில் வந்ததும் இந்தப் பெண் 'வேண்டாம்' அழுத்தியிருக்கிறார், நின்றுவிட்டது. இப்போது மறுபடி கணவர் பெயரைப் போட்டு "உங்களை நாங்கள் இழக்க விரும்பவில்லை" என்று வருகிறது. கோபமாகப் பேசவில்லை. "கொஞ்சம் எடுத்துடுங்களேன்" என்று மட்டும் கேட்டார்.

அம்மா சந்தா திரையில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தார். 'சந்தா முடிந்தது' என்று குறிக்க இடம் இருந்தது. 'தொடர்பு கொள்ளாதே' என்று குறிக்க அந்தத் திரையில் ஒரு கட்டம்கூட இல்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினார். ஏற்கெனவே அங்கே நான்கைந்து துண்டுகள் ஒட்டியிருந்தன.

வேண்டாம் என்ற சொல் மூலத் தரவுத்தளத்தில் இருந்தாக வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மெயில் மென்பொருள் வரும், போகும், மாறும். வாசகர் நம்மிடம் ஒருமுறை சொல்லிவிட்டார். அதை நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது நாம்.

10 பிப்ரவரி

சரி, திரும்பி வரும் வழியை எப்படிப் போடுவது?

மூலத் தரவுத்தளத்திலேயே ஒரு சின்ன டேபிள். மெயில் முகவரி, காரணம் (வேண்டாம் / பவுன்ஸ், அதாவது போய்ச் சேராமல் திரும்பியது / புகார்), எந்த கேம்பெயினிலிருந்து, எப்போது. மெயில் பக்கத்துக்கான பயனருக்கு இந்த ஒரு டேபிளில் வரி சேர்க்க மட்டும் உரிமை; திருத்தவோ அழிக்கவோ கூடாது. வாடிக்கையாளர் டேபிளில் எழுத உரிமையே தராதீர்கள். சில மென்பொருள்களில் "வேண்டாம் என்றவரின் வரியை மூலத்திலிருந்து நீக்கு" என்று ஒரு தெரிவு இருக்கும். அதை இயக்கினால் ஆர்டர் வரலாறே போய்விடும். வரியை நீக்கினால் இன்னொரு கேடும் உண்டு: அந்த ஆள் அடுத்த மாதம் ஒரு புத்தகம் வாங்கினால் புது வாடிக்கையாளராகப் பதிவாகி, மறுபடி மெயில் போகும். மறந்துவிட்டால் எப்படி மதிப்பது? வேண்டாம் என்றதை நினைவில் வைத்திருந்தால்தான் மதிக்க முடியும்.

மென்பொருளால் நேராக எழுத முடியாவிட்டால், மெயிலில் வரும் 'வேண்டாம்' இணைப்பு உங்கள் சர்வரில் உள்ள ஒரு பக்கத்துக்கு வரட்டும். அந்தப் பக்கம் டேபிளில் எழுதும். இணைப்பில் வெறும் வாடிக்கையாளர் எண்ணைப் போடாதீர்கள். 4521ஐ 4522 என்று மாற்றினால் பக்கத்து ஆள் விலகிவிடுவார். யூகிக்க முடியாத டோக்கன் (நீளமான எழுத்துத் தொடர்) ஒன்று ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் திறந்தவுடனேயே விலக்கிவிடவும் கூடாது. அலுவலக மெயில் சர்வர்கள் பல, மெயிலில் உள்ள இணைப்புகளைத் தாங்களே ஒருமுறை திறந்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும். மனிதர் தொடுவதற்கு முன்பே ஆள் விலகிவிடுவார். பக்கம் திறந்ததும் ஒரே ஒரு பொத்தான், அதை அழுத்தினால் விலகல். மெயில் ஹெடரில் (வாசகர் கண்ணில் படாத தலைப்பகுதி) சேர்க்கும் ஒரே அழுத்து விலகலுக்கு 2017ல் வந்த ஆர்எஃப்சி 8058 என்ற இணைய விதி, இணைப்பைத் திறந்தாலே நடந்துவிடாத 'போஸ்ட்' முறையைக் கேட்பதும் இந்தக் காரணத்தால்தான்.

10 பிப்ரவரி, இரவு

கேட்டவரிடமிருந்து பதற்றமாக ஒரு செய்தி: "விலக்குப் பட்டியலை வியூவில் சேர்த்தேன். இப்போது பதினான்காயிரமும் காணோம். பூஜ்யம் வருகிறது."

வியூவில் 'நாட் இன்' ('இந்தப் பட்டியலில் இல்லாதவர்') போட்டிருப்பீர்கள். விலக்கு டேபிளில் எங்கோ ஒரு வரியில் மெயில் 'நல்' (மதிப்பு தெரியாது) ஆக இருக்கிறது. பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும் 'நாட் இன்' யாரையும் தராது. "இவர் அந்தப் பட்டியலில் இல்லை" என்று எஸ்க்யூஎல்லால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தத் தெரியாத ஒன்று இவராகவும் இருக்கலாம். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றி எழுதுங்கள். விலக்கு டேபிளில் மெயில் புலத்தை 'நாட் நல்' ஆக்குங்கள். இரண்டையும் செய்யுங்கள்.

தவறுவது என்றால் பூஜ்யம் பக்கம் தவறியது நல்லது. எல்லோருக்கும் போயிருந்தால்தான் வினை.

11 பிப்ரவரி

சரியாகிவிட்டதாம், 13,000க்குச் சற்று மேல் வருகிறது. ஆனால் விலகிய இருவர் இன்னும் பட்டியலில் தெரிகிறார்கள் என்கிறார்.

வெற்றிடம் பாருங்கள். இணையப் பக்கத்திலிருந்து நகல் எடுத்து ஒட்டும்போது சாதாரண இடைவெளி இல்லாமல் 'உடையாத இடைவெளி' என்ற வேறு ஒரு குறி ஒட்டிக்கொண்டு வரும். முன்பின் இடைவெளியை வெட்டும் 'டிரிம்' அதைத் தொடாது. முகவரியின் நீளத்தை எழுத்துக் கணக்கிலும் எடுங்கள், பைட் கணக்கிலும் எடுங்கள். ஆங்கில முகவரிக்கு இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து பற்றி ஒருவர் கேட்டார். மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான கொலேஷன்களில் (எழுத்துகளை ஒப்பிடும் விதிகள்) ஒப்பிடும்போது இரண்டும் ஒன்றுதான். எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும் 'லோயர்' போட்டு ஒப்பிட்டால் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) பயன்படாமல் வியூ நொண்டும், பலனும் இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற வேறு தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கு அப்படியில்லை, அங்கே வேறுபடும். பெரிய, சின்ன எழுத்தை ஒன்றாகப் பார்க்கும் 'சிஐடெக்ஸ்ட்' வகைப் புலம் வைத்துக்கொள்ளுங்கள்.

13 பிப்ரவரி

பவுன்ஸ் பற்றி. மறுபக்க சர்வர் 5ல் தொடங்கும் எண்ணைத் திருப்பினால் நிரந்தர மறுப்பு, 550 5.1.1 என்றால் அப்படி ஒரு ஆளே இல்லை. 4ல் தொடங்கினால் தற்காலிகம், பெட்டி நிறைந்திருக்கலாம், சர்வர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம். 4ஐப் பார்த்தவுடன் ஆளை விலக்கு டேபிளில் போடாதீர்கள். பலமுறை தொடர்ந்து வந்தால் போடலாம். 5லும் எல்லாம் ஆள் இல்லை என்று பொருள் இல்லை; "உன்னைப் போன்றவர்களிடமிருந்து வாங்குவதில்லை" என்று 5.7 வரிசையில் மறுப்பு வந்தால் வாசகர் மேல் குற்றமில்லை, நம் சர்வரின் பெயர் கெட்டிருக்கிறது. அதை வைத்து வாசகரை நீக்குவது அநியாயம்.

மேலே டேபிளில் 'காரணம்' என்று ஒரு புலம் சொன்னேனே, அதோடு சர்வர் தந்த எண்ணையும் அப்படியே சேமிக்க ஒரு புலம் சேருங்கள். பிறகு பிரித்துப் பார்க்க அதுதான் கைகொடுக்கும்.

அமேசானின் மெயில் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ் வழியாக அனுப்புபவர்கள் பவுன்ஸ் விகிதம் 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கு கண்காணிப்புக்குப் போகும், 10ஐத் தொட்டால் அனுப்புவதையே நிறுத்திவைக்கலாம். பழைய ஆர்டர் தரவுத்தளத்தை முதல்முறை இணைத்து அப்படியே மொத்தத்தையும் அனுப்பினால் முதல் நாளே 10 தாண்டக்கூடும். கடந்த ஓர் ஆண்டில் வாங்கியவர்களில் தொடங்கி மெல்லப் பின்னால் போங்கள்.

16 பிப்ரவரி

விண்டோஸ் மென்பொருளே வேண்டாம், சர்வரில் ஏதாவது சொல்லுங்கள் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பேச்சு திசை மாறினாலும் பரவாயில்லை, இது தேவையான கேள்வி.

பெங்களூரின் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதாவில் கைலாஷ் நாத் எழுதி 2019ல் வெளியிட்ட 'லிஸ்ட்மங்க்' எனக்குப் பிடித்தது. கட்டற்ற மென்பொருள், ஒரே கோப்பு, பின்னால் போஸ்ட்கிரெஸ். ஒவ்வொரு ஆளுக்கும் 'ஆட்ரிப்ஸ்' என்று ஒரு ஜேசன் புலம் உண்டு. உங்கள் வாடிக்கையாளர் எண், ஊர், மொழி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு, எஸ்க்யூஎல் துண்டு எழுதியே "கோவை வாசகர்கள்" என்று பிரித்து எடுக்கலாம்.

அதன் தரவுத்தளத்திலேயே நேராக எழுதிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அடுத்த பதிப்பில் டேபிள் அமைப்பு மாறினால் உங்கள் ஸ்கிரிப்ட் உடையும். மென்பொருளே திறந்து தரும் ஏபிஐ வாசல் வழியாக ஆட்களைச் சேர்த்துவிடுங்கள். இங்கே வெளித் தரவுத்தளம் ஒன்று, மெயில் தரவுத்தளம் ஒன்று என்று இரண்டு இருக்கும். நடுவில் ஒத்திசைக்கும் ஸ்கிரிப்ட். இரண்டுக்கும் பொதுவான சாவி வாடிக்கையாளர் எண்ணாக இருக்கட்டும். மெயில் முகவரியைச் சாவியாக வைத்தால், வேலை மாறி முகவரி மாற்றியவர் இரண்டு ஆளாகிவிடுவார்.

17 பிப்ரவரி

ஒத்திசைவு ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை.

"கடைசியாக ஓடியபின் மாறிய வரிகள்" என்று எடுக்கும்போது நேரம் எந்த நேரம்? தரவுத்தள சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், ஸ்கிரிப்ட் ஓடும் இடம் இந்திய நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் ஒவ்வொரு நாளும் வழுவிப்போகும், பிழைச் செய்தி எதுவும் வராது. கடைசி நேரத்தையும் தரவுத்தளத்திடமே கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியே எடுங்கள். ஒரே ஆள் இரண்டு தடவை ஒத்திசைந்தால் ஒன்றும் ஆகாது, விடுபட்டால்தான் பிரச்சினை.

அழித்த வரி "மாறிய வரி" என்று வராது. மூலத்தில் ஒருவரை நீக்கினால் மெயில் பக்கம் அவர் அப்படியே இருப்பார். அதனால் நீக்குவதற்குப் பதிலாக 'நீக்கப்பட்டது' என்று கொடி போடும் வழக்கம் வேண்டும். அல்லது வாரம் ஒருமுறை இரு பக்க எண்களையும் முழுமையாக ஒப்பிட வேண்டும். நான் இரண்டாவதையும் சேர்த்தே செய்கிறேன். அந்த ஒப்பீட்டில் ஏதாவது ஒன்று எப்போதும் சிக்குகிறது.

20 பிப்ரவரி

"எங்களிடம் வாங்கியவர்கள்தானே, சம்மதம் தனியாக எதற்கு" என்ற வாதம் வந்திருக்கிறது.

பில் அனுப்ப முகவரி கொடுத்தார். விளம்பரம் அனுப்பவா கொடுத்தார்? 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுத்த அளவு எளிதாகவே அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், நாளைக்கு 5,000க்கு மேல் தன் பயனர்களுக்கு அனுப்புகிறவர்களிடம் மெயில் உண்மையிலேயே அவர்களிடமிருந்து வந்ததுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் கேட்கிறது. விளம்பர மெயிலில் ஒரே அழுத்து விலகலும் வேண்டும், விலகலை இரண்டு நாளுக்குள் நடைமுறைப்படுத்தவும் வேண்டும். புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர் 'ஸ்பேம்' அழுத்தினால் போதும், மிச்சம் 997 பேருக்கும் உங்கள் மெயில் குப்பைக்குப் போக ஆரம்பிக்கலாம்.

மாதம் ஒருமுறை சிஎஸ்வி மாற்றுகிறவர்கள் அந்த இரண்டு நாள் கெடுவை எப்படிக் காப்பாற்றுவார்கள்? 9ஆம் தேதி "சின்னப் பட்டியலுக்கு சிஎஸ்வி போதும்" என்று சொன்னேன். அதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: சிஎஸ்வி போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்குச் சற்று முன் புதிதாக இறக்க வேண்டும், விலகல்களை அன்றன்றைக்கே மூலத்தில் ஏற்ற வேண்டும்.

24 பிப்ரவரி

கேட்டவர் எல்லாம் முடித்துவிட்டார். டனல், 32 பிட் டிரைவர், வியூ, விலக்கு டேபிள், டோக்கன் பக்கம். முதல் அனுப்பல் ஓராண்டுக்குள் வாங்கியவர்களுக்கு மட்டும். தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காகப் போயிருக்கின்றன. மகிழ்ச்சி.

ஒரு சந்தேகம் கேட்கிறார்: மென்பொருள் வியூவைப் படித்து முடிப்பது காலை பத்து மணிக்கு. மெதுவாக அனுப்புவதால் கடைசி மெயில் மாலை நான்குக்குப் போகிறது. நடுவில், போன மாத மெயிலைத் திறந்து ஒருவர் விலகினால்?

உங்கள் மென்பொருள் தொடக்கத்தில் மொத்தப் பட்டியலையும் படித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ரகம் என்றால் அவருக்கு மெயில் போய்விடும். ஓர் அனுப்பலை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தொடங்கும்போது வியூவைப் புதிதாகப் படிக்கும்படி வையுங்கள். வாடிக்கையாளர் எண்ணை வைத்துப் பிரித்தால் ஒருவருக்கு இரண்டு முறை போகாது. விலகும் பக்கத்தில் "ஏற்கெனவே புறப்பட்ட மெயில் ஒன்று இன்று வரக்கூடும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

24 பிப்ரவரி, இரவு

ஆமாம், விலக்கு டேபிளையும் பேக்கப்பில் சேருங்கள். ஆர்டர் டேபிள்களை மட்டும் பெயர் சொல்லி பேக்கப் எடுக்கும் பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தால், புது டேபிள் அதில் இருக்காது. இன்றைக்கே திறந்து பாருங்கள்.